மணையில் வைத்த லேப்டாப்

பாட்டரியைக் கழற்றித் தனியே வைத்தாகிவிட்டது. சார்ஜர் வயரையும் சுவரிலிருந்து பிடுங்கியாகிவிட்டது. அப்படியும் லேப்டாப்பின் அடிப்பக்கம் சூடாக இருந்தது. ரோஹிணி கையை எடுத்து ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே சூடு. வெயில் பட்டது என்று சொல்லலாம் என்றால், தில்லி ஜனவரியில் வெயிலுக்கு எங்கே போவது. நாலைந்து நாளாக லக்ஷ்மிபாய் நகர் முழுதும் பனிமூட்டத்துக்குள் கிடந்தது, மத்தியானத்திலேயே ஹாலில் ட்யூப்லைட் எரிந்தது, எதிர் பிளாக்கின் மாடிப்படிகூடத் தெரியவில்லை. காய்ச்சல்காரனின் நெற்றியில் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடுதான் அது.

கழற்றி வைக்கச் சொன்னவர் ஆபீஸில் கம்ப்யூட்டர் செக்ஷன் குப்தா. பழைய லேப்டாப்புகளுக்கு இது வழக்கமான வியாதி என்றும், பாட்டரியும் வயரும் இல்லாமல் ஸ்டார்ட் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும், பிறகு மாட்டினால் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துகொள்ளும் என்றும் போனில் சொல்லியிருந்தார். ரோஹிணி அழுத்திப் பிடித்தாள். விசிறி சுற்றவில்லை. எந்த விளக்கும் எரியவில்லை. ஆனால் விரலை எடுக்கப்போகிற நேரத்தில் கீபோர்டுக்கு அடியில் எங்கோ ஆழத்தில், தொண்டையில் எச்சில் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அவள் விரலை இழுத்துக்கொண்டாள். மேஜை எதிரில் அப்படியே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமியது, கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள், ரிங் ரோடு பஸ்களின் ஹாரன் பனிக்குள் புதைந்து மந்தமாக வந்தது. லேப்டாப்பிலிருந்து இப்போது எதுவும் வரவில்லை.

"கண்ணைத் திறந்துதா?" என்றாள் அம்மா.

ஜலஜா சோபாவில் ரஜாயை முழங்கால்வரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் மகாதேவன் போன பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. பேசினால் இப்படித்தான், மேஜைமேல் இருப்பது ஒரு மெஷின் என்பதையே மறந்தவளாகப் பேசினாள்.

"இன்னும் இல்லைம்மா."

"திறக்கும். நாக்கு வறண்டு கெடக்கு, பாவம்."

ரோஹிணி பாட்டரியை எடுத்து மாட்டினாள், வயரைச் சொருகினாள், பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

அது இன்று எழுந்துகொண்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் நியூ ஜெர்ஸியில் இருக்கும் தம்பி அபிஷேக் செத்துப்போவான் என்று ரோஹிணி நம்பினாள். எம்.ஏ. படித்து, பதினைந்து வருஷமாக மத்திய சர்க்காரில் குப்பை கொட்டுகிறவள் ஒரு ஓட்டை லேப்டாப்புக்கும் தம்பியின் உயிருக்கும் முடிச்சுப் போடுகிறாளே என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இந்த வாரத் தொடக்கம்வரை அவளே சிரித்திருப்பாள்.

அப்பா டிசம்பர் கடைசியில் போனார். அபிஷேக்கால் வர முடியவில்லை. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான், இப்போது அமெரிக்காவை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று போனில் அழுதான். நிகம்போத் காட் சுடுகாட்டில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் தர்ப்பை வாங்கிக்கொண்டு கொள்ளி வைத்தார். மிச்சப் பத்து நாள் காரியத்தையும் அவரே செய்வதாகத்தான் இருந்தது. அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். பெற்ற பிள்ளை இருக்கும்போது கண்டவர் கையால் அவர் ஜலம் வாங்கிக்கொள்ள மாட்டார் என்றாள். "நான் பண்றேனே. ஆறு மாசமா நான்தானே பாத்துண்டேன்" என்று ரோஹிணி சொல்லிப் பார்த்தாள். காரியம் செய்துவைக்கும் வாத்தியார் ஜகந்நாத சாஸ்திரிகள் சங்கடத்துடன் தலையைச் சொறிந்தார்.

"பொண்ணு பண்ணப்படாதுன்னு நான் சொல்லலை, கொழந்தே. பிள்ளை ஜீவனோட இருக்கறச்சே எப்படி?"

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆறு மாதமாக அப்பாவுக்கு மலம் மூத்திரம் எடுத்தவள் அவள். அதற்கெல்லாம் பெண் போதும்.

வீடியோவில் செய்யலாமே என்று அபிஷேக்தான் யோசனை சொன்னான். அவன் போன தடவை வந்தபோது விட்டுப்போன பழைய லேப்டாப் இருந்தது, வீட்டில் ப்ராட்பேண்ட் இருந்தது, கேமராவை மட்டும் வாங்கித் திரையின் தலையில் மாட்டினார்கள். சாஸ்திரிகள் முதலில் முடியவே முடியாது என்றார். அம்மா அழவும், காலத்துக்குத் தகுந்த மாதிரி போகவேண்டியதுதான் என்று இறங்கி வந்தார். பிள்ளை உட்காரவேண்டிய மணையில் லேப்டாப்பைத் தெற்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். பிள்ளை விரலில் போட்டுக்கொள்ள வேண்டிய பவித்திரத்தை அதன் மூலையில் சொருகினார்கள். மூன்றாம் மாடிக் குவார்ட்டர்ஸில் மண் கிடையாது. கீழ் வீட்டு ரோஜாத் தொட்டியைக் கேட்டு வாங்கி, அதில் கல்லை ஊன்றி எதிரில் வைத்தார்கள். போனவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பத்து நாள் அந்தக் கல்லில் இருக்கச் செய்து, தாகத்துக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, பத்தாம் நாள் கல்லைப் பிடுங்கி அனுப்பிவைக்க வேண்டும். கூப்பிடுவதும் அனுப்புவதும் பிள்ளையின் வாயால்.

அபிஷேக் கூப்பிட்டான். திரையில் அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து சேர்ந்தது. அவன் அங்கே ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் விட, சாஸ்திரிகள் இங்கே தொட்டியில் விட்டார். ரோஹிணி சமையலறை நிலைப்படி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் விட்ட தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. பத்து நாளும் எள் மிதக்க அப்படியே தேங்கி நின்றது.

பத்தாம் நாள், அனுப்பிவைக்கும் மந்திரத்தை அபிஷேக் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது திரை கறுத்துப்போயிற்று. கரன்ட் போகவில்லை, ட்யூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. பட்டனை அழுத்தினார்கள், வயரை ஆட்டினார்கள், தட்டிப் பார்த்தார்கள். சாஸ்திரிகளுக்கு ஆர்.கே. புரத்தில் இன்னொரு வீடு காத்திருந்தது. மிச்சத்தை அவரே வாய்க்குள் சொல்லிக் கல்லைப் பிடுங்கிக்கொண்டு யமுனைக்குக் கிளம்பினார்.

அன்றிலிருந்து லேப்டாப் எழுந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து அபிஷேக்குக்குத் தாகம்.

முதலில் சாதாரணமாகத்தான் சொன்னான். தொண்டை வறட்சி, குளிர் காற்று என்றான். பிறகு அவன் மனைவி ஜ்யோத்ஸ்னா போன் செய்தாள். ராத்திரி எழுந்து குழாயில் வாயை வைத்துக் குடிக்கிறான் என்றாள். சர்க்கரை இல்லை, கிட்னி நன்றாக இருக்கிறது, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்றாள். இந்த வாரத் தொடக்கத்தில் மறுபடி கூப்பிட்டாள். "அக்கா, தூக்கத்துல பேசறான். அவன் குரல் மாதிரி இல்ல. ஜலம்னு கேக்கறான். அவன் எப்பவும் வாட்டர்னுதான் சொல்லுவான், இல்லன்னா தண்ணின்னு. ஜலம்னு சொல்லி நான் கேட்டதே இல்ல."

ரோஹிணி அன்றைக்கே சாஸ்திரிகளுக்குப் போன் செய்தாள். நடந்ததெல்லாம் சொன்னாள்.

"தொட்டியில ஜலம் இறங்கலையே, நீ பாத்தியோ?" என்றார் அவர்.

"பாத்தேன் மாமா."

"நானும் பாத்தேன். வாயை மூடிண்டு இருந்துட்டேன். கல்லுல அவர் வரவே இல்லை, கொழந்தே. பிள்ளை எதைப் பாத்துண்டு வான்னு கூப்பிட்டானோ அதுல வந்து உக்காந்துட்டார். போன்னு சொல்ல ஆரம்பிச்சப்போ அது அணைஞ்சுபோச்சு."

"இப்ப என்ன பண்றது?"

"அதே பெட்டி, அதே பிள்ளை வாய். விட்ட எடத்துலேர்ந்து அவன் சொல்லி முடிக்கணும். வேற பெட்டியில பண்ணினா எடுபடாது. மந்திரத்தை அவனுக்கு வேணா போன்ல சொல்லிக் குடுக்கறேன். ஆனா உங்காத்துக்கு நான் வரலை. தப்பா நெனச்சுக்காதே."

சொன்னபடி சொல்லிக் கொடுத்தார். மறுநாளே சென்னைக்கு ரயில் ஏறிவிட்டார் என்று கேள்வி.

குப்தாவின் வைத்தியம் பலிக்காததால், ரோஹிணி லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரு பிளேஸுக்கு ஆட்டோ பிடித்தாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு, ஈயம் பற்றவைக்கிற வாசனையும் பொரித்த எண்ணெய் வாசனையும் கலந்து அடிக்கிற ஒரு படிக்கட்டில் ஏறி, இரண்டாம் மாடியில் மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டுகிற ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரனுக்கு நாற்பது வயது இருக்கும், குல்லாயைக் காதுவரை இழுத்து விட்டிருந்தான். லேப்டாப்பைக் கவிழ்த்து, ஆணிகளைக் கழற்றி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கீபோர்டைத் தூக்கினான். பாட்டு நின்றது.

"மேடம், இஸ் மே தில் கஹாம் ஸே ஆயா?"

எள் எப்படி இதற்குள் வந்தது என்று கேட்கிறான். ரோஹிணி எட்டிப் பார்த்தாள். பச்சைப் பலகை முழுக்க எள். காரியத்தின்போது தெறித்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். ஒவ்வொரு எள்ளும் முளை விட்டிருந்தது. நூல் மாதிரி வெள்ளை வேர்கள் சிப்புகளுக்கு நடுவில் புகுந்து, ஒன்றோடொன்று பின்னி, விசிறியைச் சுற்றிக்கொண்டு, எல்லாம் ஒரே பக்கமாக, கேமரா வயர் ஏறுகிற பக்கமாகப் போயிருந்தன.

அவன் ஒரு இடுக்கியால் வேர்களை ஒதுக்கி, மீட்டர் கம்பியை அங்கே இங்கே வைத்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "போர்டு ஜல் கயா ஹை. யே தோ மர் சுகா ஹை, மேடம்." போர்டு எரிந்து செத்துப்போய்விட்டது. அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான் என்று ரோஹிணி நினைத்தாள்.

பக்கத்தில் அவனுடைய சாய் கிளாஸ் இருந்தது. அவள் உள்ளே வந்தபோது அதில் முக்கால்வாசி இருந்தது, ஆவி பறந்தது, அவள் பார்த்தாள். அவன் இப்போது அதை வாய்க்குக் கொண்டுபோய், கீழே இறக்கி, உள்ளே பார்த்தான். அடியில் ஒட்டியிருந்த இலைத்தூள்கூடக் காய்ந்திருந்தது. அவன் கிளாஸையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கீபோர்டை அமுக்கி மூடி, பாதி ஆணிகளை மட்டும் முடுக்கி, பையில் போட்டு அவள் பக்கம் தள்ளினான்.

"அண்ணா, வேற எங்கயாவது..." என்று அவள் ஹிந்தியில் ஆரம்பித்தாள்.

"லே ஜாயியே" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கையைக் காட்டினான்.

திரும்பி வரும்போது பனி இன்னும் இறங்கியிருந்தது. ஆட்டோவின் விளக்கு வெளிச்சம் முன்சக்கரத்தைத் தாண்டவில்லை. சாலை இருப்பது டயரின் சத்தத்தில்தான் தெரிந்தது. ஈரப் புகையும் டீசலும் எரிகிற குப்பையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. மடியில் வைத்த பை சூடாக இருந்தது. அந்தக் குளிரில் அது இதமாகக்கூட இருந்தது என்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. சஃப்தர்ஜங் ஃப்ளைஓவர் தாண்டியபோது பை கனக்க ஆரம்பித்தது. முதலில் கால் மரத்துப்போய்விட்டது என்று நினைத்தாள். நகர்த்திப் பார்த்தாள். புத்தகக் கனமாக எடுத்துப்போனது இப்போது அரிசி மூட்டையாகத் தொடையை அழுத்தியது. தண்ணீர் புகுந்துவிட்டதோ என்று பையின் அடியைத் தடவினாள். துணி காய்ந்து மொடமொடவென்றிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சோபாவில் இல்லை. ஹால் நடுவில் மணையைப் போட்டு, தெற்குப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பஞ்சபாத்திரத்தில் தண்ணீர், அதில் உத்தரணிக் கரண்டி.

"இங்க வை" என்றாள்.

"அம்மா, கடைக்காரன் கையை விரிச்சுட்டான்."

"அவனுக்கு என்ன தெரியும். வை."

ரோஹிணிக்கும் வேறு வழி தெரியவில்லை. வைத்தாள். அம்மா திரையைத் திறந்துவிட்டு எதிரில் கஷ்டப்பட்டு உட்கார்ந்தாள், ஒரு உத்தரணி தண்ணீர் எடுத்தாள், கீபோர்டின் நடுவில் விட்டாள். தண்ணீர் எழுத்துகளுக்கு இடையில் இறங்கியது. இன்னொரு உத்தரணி. இன்னொன்று. பழக்கப்பட்ட கையாக, நிதானமாக, குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி விட்டாள்.

"எத்தனை நாளா இப்படி விடறே?" என்று கேட்டாள் ரோஹிணி.

"நீ ஆபீஸ் போனப்பறம் விடுவேன். கேக்கறாரே, சும்மா இருக்க முடியுமா?"

ரோஹிணி குனிந்து லேப்டாப்பைத் தூக்க முயன்றாள். அது அசையவில்லை. ஓரத்தை மட்டும் இரண்டு கையாலும் நெம்பி அடியில் விரலை விட்டுத் தடவினாள். மணை உலர்ந்திருந்தது. தரை உலர்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. விரலுக்கு மேலே, அந்தச் சூட்டுக்குள், தொண்டை இறங்கி ஏறுவது தெரிந்தது.

போன் அடித்தது. அவள் துள்ளி விழுந்து எழுந்து நடைக்கு ஓடி ரிசீவரை எடுத்தாள். ஜ்யோத்ஸ்னா.

"அக்கா, நேத்து ஹாஸ்பிடல்ல சேர்த்தோம். லங்ஸ்ல தண்ணியாம். எப்படின்னு டாக்டர்கள் கேக்கறா. ரெண்டு நாளா ஒரு வாய் தண்ணி உள்ள போகல, முழுங்கவே முடியல. ஆனா லங்ஸ்ல தண்ணி ஏறிண்டே இருக்கு. எடுத்தாலும் மறுபடி ஏறறது. அந்தத் தண்ணியில எள்ளு இருந்துதாம். தில், அக்கா. கறுப்பு தில்." அவள் அழவில்லை, அழுது முடித்த குரல். "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரணும்னு சண்டை போட்டு வந்துட்டான். மந்திரம் ரெடின்றான். உங்க பக்கம் ஆன் ஆச்சா? ப்ளீஸ் அக்கா. சீக்கிரம், ஜல்தி."

ரோஹிணி பதில் சொல்ல வாய் திறந்தாள். ஹாலிலிருந்து உத்தரணி பாத்திரத்தில் மோதுகிற சத்தம் கேட்டது. டிங். கொஞ்ச நேரம். டிங்.

"இப்ப... இப்ப மறுபடி இருமறான்" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

டிங்.

"அக்கா, மூச்சு விட முடியல அவனுக்கு."

ரோஹிணிக்குப் புரிந்துவிட்டது. ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். உத்தரணி தரையில் உருண்டது.

"விடாதேம்மா. அது அபிக்குள்ள போறது."

"உங்கப்பாவுக்குத் தாகம்டி."

"அது அபிம்மா."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, பயம் இல்லை. "இப்போ ரெண்டு பேரும் ஒண்ணுதானே" என்றாள்.

கரன்ட் போயிற்று.

ட்யூப்லைட், ஃப்ரிட்ஜ், மாடியில் யார் வீட்டிலோ ஓடிக்கொண்டிருந்த டிவி, எல்லாம் ஒரே நொடியில் அடங்கின. ஜன்னலில் பனி, சாயங்காலத்தின் கடைசிச் சாம்பல் வெளிச்சம். ஹால் இருட்டு. அந்த இருட்டில் லேப்டாப் எழுந்தது.

விசிறிச் சத்தம் இல்லை. வழக்கமான எழுத்துகள் எதுவும் ஓடவில்லை. திரை மெதுவாக வெளுத்தது. அவ்வளவுதான்.

அபிஷேக்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தோளில் போர்வை. கன்னம் ஒட்டி, உதடு வெள்ளையாக வெடித்து, பாளம் பாளமாக. அவன் பின்னால் ஜன்னலில் விடிகிற வெளிச்சம், வெளியே பனி. ஜ்யோத்ஸ்னா போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் நின்றாள். அவள் வாய் திரையில் அசைந்தது. அவள் குரல் நடையில் கிடந்த ரிசீவரிலிருந்து வந்தது.

"அபி" என்றாள் ரோஹிணி. மணையின் எதிரில் மண்டி போட்டாள். "அபி, நான் தெரியறேனா? சொல்லுடா. அந்த மந்திரத்தைச் சொல்லி முடி. வேற எதுவும் பேசாதே."

அவன் தலையசைத்தான். அழுகை வந்துவிடும் போலிருந்தது அவளுக்கு, அவ்வளவு நம்பிக்கை வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். விட்ட இடத்திலிருந்து. அவனுடைய குரல், தப்புத் தப்பான உச்சரிப்பு, சின்ன வயதில் பாடம் ஒப்பிக்கிற அதே அவசரம். ஒரு வரி. இரண்டாவது வரி. மூன்றாவதில் பாதி.

நின்றான்.

தொண்டை புடைத்தது. உள்ளே ஏதோ ஏறியது. உதடு அசைந்தது. குரல் திரையிலிருந்து வரவில்லை. கீபோர்டுக்கு அடியிலிருந்து வந்தது.

"கூப்பிட்டுட்டு எங்கே போகச் சொல்றேள்?"

அம்மா கையைக் கூப்பினாள்.

"அபி, நிறுத்தாதே. சொல்லு."

அபிஷேக் கண்ணைத் திறந்தான். சொல்ல முயன்றான். அவனால் வாயை அவன் இஷ்டப்படி அசைக்க முடியவில்லை. நாக்கு கறுத்திருந்தது. ஒரு கையால் கழுத்தைப் பிறாண்டினான். உதட்டின் வெடிப்பு கன்னத்துக்கு ஏறியது, ரோஹிணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே. ஈரமே இல்லாத வெடிப்பு. ஜ்யோத்ஸ்னா அவன் தோளை உலுக்கினாள்.

"ஜலம்" என்றது கீபோர்டுக்கு அடியிலிருந்து அந்தக் குரல்.

தண்ணீர் விட்டால் மூழ்குவான். விடாவிட்டால் இப்படி. ரோஹிணி திரையை மூடப் பார்த்தாள், மூட வரவில்லை. பவித்திரம் சொருகியிருந்த மூலையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை சுட்டது. மணையோடு, தரையோடு சேர்ந்து வேர் விட்டதுபோல் நின்றது அது.

"ரோஹி."

அவள் கை நின்றது. அப்பா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார். கடைசி ஆறு மாதம், ராத்திரி எந்த நேரமானாலும், அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எழுந்து போவாள். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூன் ஸ்பூனாக விடுவாள். ஒரு சொட்டு வழியாமல்.

"நீ விடு, ரோஹி. உன் கையால விடு."

அம்மா உத்தரணியைத் தேடி எடுத்து அவள் கையில் வைத்தாள். "உன்னைத்தான் கேக்கறார்" என்றாள்.

வேண்டாம் என்றுதான் நினைத்தாள். உரக்கச் சொல்லவும் செய்தாள். வேண்டாம்ப்பா என்றாள். கை எழுந்தது. பழகிய கை. உத்தரணி சாய்ந்தது.

தண்ணீர் இறங்கியது.

திரையில் அபிஷேக்கின் மார்பு உயர்ந்தது. வெடித்த உதடு சேர்ந்தது. மூக்கிலிருந்து தண்ணீர் கோடாக வழிந்தது. நியூ ஜெர்ஸியில் ஜ்யோத்ஸ்னா அலறுவது ரிசீவரில் சின்னதாகக் கேட்டது. வாய் அப்பாவுடையது, அதே சப்புக்கொட்டல், அதே திருப்தி. கண் மட்டும் அபிஷேக்குடையது. அது அகலத் திறந்து, அவளையே பார்த்து, கெஞ்சிக்கொண்டிருந்தது.

தொண்டை இறங்கியது. வாய் மறுபடி திறந்தது.

"இன்னும்."

ரோஹிணி உத்தரணியைப் பஞ்சபாத்திரத்தில் முக்கினாள்.